மாரிக்கு முன் ஓர் ஊசி

ஐப்பசி பிறந்துவிட்டால் பூநகரியில் எவரைக் கண்டாலும் பேச்சு வானத்தைப் பற்றியதாகவே இருக்கும். எங்கள் வயல்களிற் பெரும்பகுதி மானாவாரி. முகில் இரங்கினால் நெல். இரங்காவிட்டால் வைக்கோலும் இல்லை. புழுதியில் விதைத்துவிட்டு வடகீழ்த் திசையை அண்ணாந்து பார்த்திருப்பவர்களுள் நானும் ஒருவன். இம்முறை வானத்தைப் பார்ப்பதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. மழை இறுகுமுன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இன்புளுவன்சாத் தடுப்பூசி போட்டுக்கொள்வதா, விடுவதா? போடுவதாயின் யாருக்குப் போடுவது?

கேள்வி சிறியதுதான். ஆனால் சென்ற மாரியில் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் அதனைச் சிறிதென்று தள்ளிவிட மனம் துணியவில்லை.

சென்ற மார்கழியில் யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்தேன். மண்டபம் நிறைந்த சனம், வெளியே அடைமழை, கதவு யன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. திரும்பி வந்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். உடம்பு முழுவதும் அடித்துப் போட்டாற்போன்ற உளைவு, வறட்டு இருமல், தலையிடி. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தேன், வேது பிடித்தேன், பனடோல் போட்டேன். மூன்று நாளில் எழுந்துவிட்டேன். நான் எழுந்த அன்று மனைவி படுத்தாள்.

அவளுக்கு வயது அறுபத்தாறு. பல வருடங்களாகத் தொய்வுக்காரி. காய்ச்சல் அவளுடைய நெஞ்சில் இறங்கி, இரண்டாம் நாள் இரவு முட்டு எடுத்துவிட்டது. அந்த மழை இருளில் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோன போது அவள் ஒரு சொல்லைச் சொல்வதற்கு இரண்டு முறை மூச்செடுத்தாள். ஒன்பது நாள் வைத்தியசாலையில். வீட்டுக்கு வந்த பின்னரும் முற்றத்தைக் கூட்டுவதற்குப் பத்து நாள் இயலாது. இப்பொழுதும் அதைப் பற்றிப் பேச்செழுந்தால் அவள் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்: “உங்களுக்கு மூண்டு நாள். எனக்கு மூண்டு கிழமை.”

அக்காய்ச்சல் இன்புளுவன்சாதானா என்று கேட்டால் ஆணையிட்டுச் சொல்ல என்னால் முடியாது. யாரும் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்க்கவில்லை. குறிகளைப் பார்த்தால் அதுவாயிருக்கலாம். வேறொரு கிருமியாகவும் இருந்திருக்கலாம். ஊசியைப் பற்றி யோசிக்கும் ஒருவன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுவே. மாரியிற் சுற்றித் திரியும் இருமற் காய்ச்சல்கள் எல்லாம் ஒரே காய்ச்சல் அல்ல. ஊசியோ அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் உரியது.

நாங்கள் தடிமன் என்று சொல்வதும் இன்புளுவன்சாவும் வேறு வேறு. தடிமன் மூக்கில் தொடங்கி மூக்கிலேயே முடிந்துவிடும். தடிமன்காரன் வயலுக்கும் போவான், வம்புக்கும் போவான். இன்புளுவன்சா ஒருவனைத் திடீரென்று விழுத்தும். காலையில் நன்றாயிருந்தவனை மாலையிற் பாயிற் கிடத்தும். பெரும்பாலோர் ஒரு கிழமைக்குள் எழுந்துவிடுவர். எழாதவர்களின் தொகைதான் அச்சுறுத்துவது. உலகில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 வரையானோர் இதனால் வரும் சுவாசக் கோளாறுகளால் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. முதியோர், சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், தொய்வும் நீரிழிவும் இருதய நோயும் உடையோர் ஆகியவர்களையே அது தேடிப் பிடிக்கிறது.

என் ஆச்சி சொன்ன ஒரு கதை நினைவுக்கு வருகிறது. முதற் சண்டை முடிந்த வருடக் கார்த்திகையில் அவளுடைய தமையன்மார் இருவர் ஒரு கிழமை இடைவெளியில் இருமிச் செத்தார்களாம். ‘வன்னிக் காய்ச்சல்’ என்று அவள் அதனைச் சொல்லமாட்டாள். வன்னிக் காய்ச்சலை, அதாவது மலேரியாவை, அவளுக்கு நன்றாகத் தெரியும். அது நடுங்க வைக்கும், விட்டு விட்டு வரும். இது வேறு என்பாள். பின்னாளிற் படித்தறிந்தபோதுதான் அவளுடைய கார்த்திகை எது என்பது எனக்கு விளங்கியது. 1918ஆம் ஆண்டு உலகைச் சுற்றிய பெருங்கொள்ளை நோய் அது. இலங்கையில் அந்நோயின் உச்சங்களுள் ஒன்று அவ்வாண்டு ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே நேர்ந்தது. இத்தீவு அதனால் இழந்த மக்கள் சுமார் மூன்று இலட்சம் என்று, பழைய குடிசன மதிப்புக்களை வைத்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மலேரியாவை இலங்கை வென்றுவிட்டது. 2016இல் அதற்குச் சான்றிதழும் பெற்றோம். ஆச்சியின் மற்றக் காய்ச்சலை எந்த நாடும் இன்னும் வெல்லவில்லை.

வெல்ல முடியாமைக்குக் காரணம் அக்கிருமி ஆண்டுதோறும் சட்டை மாற்றுவது. மனிதரைப் பீடிக்கும் இன்புளுவன்சா வைரசை இங்கிலாந்தில் சிமித், அன்றூஸ், லெயிட்லோ என்னும் மூவர் 1933இற் பிரித்தெடுத்தனர். 1945இல் அமெரிக்காவிற் பொதுமக்களுக்கும் தடுப்பூசி வந்தது. இரண்டே ஆண்டில், 1947இல், அந்த ஊசி பயனற்றுப் போயிற்று. கிருமியின் புறத்தோற்றம் மாறிவிட்டிருந்தது. பழைய படத்தை வைத்துக்கொண்டு புதிய வேடக்காரனைத் தேடுவது போன்ற கதை. அதன் பின்னரே, உலகெங்கும் எந்த உருவம் உலாவுகிறது என்று ஓயாது கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1952இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வலையமைப்பை ஏற்படுத்தியது. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் இன்று அவ்வலையில் ஒரு கண்ணி. பெப்ரவரியில் ஒருமுறை கூடி வட கோளத்து மாரிக்கும், செப்டெம்பரில் ஒருமுறை கூடித் தென் கோளத்து மாரிக்கும் எந்த உருவங்களை ஊசியிற் சேர்ப்பது என்று அறிஞர் தீர்மானிக்கின்றனர். தீர்மானித்ததிலிருந்து ஊசி கைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் செல்லும். அந்த ஆறு மாதத்துள் கிருமி மறுபடி சட்டை மாற்றினால் ஊசி பாதிப் பழுது. விதைநெல் தெரிவதைப் போலத்தான். வரப்போகும் மழை எத்தன்மையதென்று அறியாமலே தெரிய வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம் எழுந்தது. வட கோளம், தென் கோளம் என்று பிரித்தவர்கள் பனிக்காலத்தை மனத்தில் வைத்துப் பிரித்தார்கள். பூநகரிக்குப் பனிக்காலம் ஏது? மார்கழி விடியற் புறத்தில் ஒரு சால்வை போர்த்தினாற் போதும். ‘பருவகால இன்புளுவன்சா’ என்கிறார்களே, எங்கள் பருவம் எது? தேடிப் பார்த்ததில் இலங்கையில் இந்நோய்க்கு ஆண்டில் இரண்டு ஏற்றங்கள் உண்டு என்று தெரிந்தது. ஏப்பிரலிலிருந்து யூன் வரை ஒன்று. நவம்பரிலிருந்து யனவரி வரை மற்றொன்று. முதலாவதில் தென்மேற்கு மழை எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டாவது எங்கள் மாரியோடு அப்படியே பொருந்துகிறது. குளிர் இல்லாவிட்டால் என்ன? மழை மனிதரை ஒரு கூரையின் கீழ் அடைத்து வைக்கிறது. கிருமிக்கு அது போதும். ஊசியின் காப்பு, போட்டு இரண்டு கிழமை கழித்தே தொடங்கும். சில மாதங்களிற் தேயத் தொடங்கிவிடும். ஆதலால் எங்களுக்கு ஏற்ற காலம் ஐப்பசி. இவ்வளவையும் மேலைநாட்டுப் பிரசுரம் எதுவும் எங்களுக்கென்று எழுதி வைக்கவில்லை. நாங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வேலிக்கு அப்பாலிருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“ஊசி போட்டாத்தான் அண்ணை காய்ச்சல் வரும். என்ர மருமோன் கனடாவிலை போட்டிட்டு இரண்டு நாள் படுத்தவன். எங்களுக்குக் கொத்தமல்லி இருக்கு, வேது இருக்கு. ஏன் காசைக் கொண்டுபோய்க் கொட்டுறியள்?”

அவருடைய மருமகன் படுத்தது பொய்யாயிராது. பொதுவாகப் போடப்படும் ஊசியில் இருப்பது உயிரற்ற கிருமியின் துண்டுகள், அவை பெருகமாட்டா, ஆகவே இன்புளுவன்சாவை உண்டாக்கவும் மாட்டா. ஆயினும் உடல் அவற்றைப் பகையென்று கருதி ஆயத்தம் செய்யும்போது கை நோவும். சிலருக்கு ஓரிரு நாள் மேல் காயும். இதைவிடப் பாரதூரமான தீங்கே இல்லையென்றும் சொல்லக்கூடாது. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சற் பயத்தினால் நாலு கோடிக்கு மேற்பட்டோருக்கு அவசரமாக ஊசி போட்டபோது, கை கால்களைச் சோர வைக்கும் ஒருவகை நரம்பு நோய் இலட்சத்துக்கு ஒருவர் அளவில் மிகுதியாகக் காணப்பட்டு, அம்முயற்சி நிறுத்தப்பட்டது. இக்காலத்துப் பருவ ஊசிகளில் அவ்வபாயம் இருந்தாலும் பத்து இலட்சத்துக்கு ஒருவர் இருவர் என்ற அளவே என்கின்றனர். கொத்தமல்லியைப் பற்றி எனக்கு மாறுபாடு இல்லை. அதைக் குடித்துத்தான் நான் எழுந்தேன். மனைவியும் அதைத்தான் குடித்தாள்.

மனைவியின் தடை வேறு விதமானது. இந்த ஊசிகளிற் பெரும்பாலானவை கோழி முட்டையிற் கிருமியை வளர்த்துப் பின் தூய்மை செய்து ஆக்கப்படுகின்றன என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “கந்தசட்டி வருகுது. விரதத்துக்கை முட்டை ஊசியோ?” என்றாள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கூட இப்பொழுது இந்த ஊசி தடையில்லை என்று நான் மருத்துவம் பேசினேன். அவளுடைய தடை மருத்துவத்தைச் சேர்ந்ததன்று என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆகவே சூரன்போர் முடிந்த பின் என்று நாள் குறித்தோம். சில நாள் பிந்துவதால் உலகம் கவிழ்ந்துவிடாது.

இனிக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் பிள்ளைகளுக்குப் போடும் ஊசிகள் எல்லாம் இலவசம். பிறந்த குழந்தையின் தோளிற் போடும் முதல் ஊசி தொடக்கம் பள்ளிக்கூடத்திற் போடுவது வரை அரசாங்கமே கொண்டுவந்து தருகிறது. எந்தத் தாயும் ‘போடுவதா விடுவதா’ என்று இரவிரவாக யோசிப்பதில்லை. மருத்துவமாது சொன்ன திகதிக்குக் கிளினிக்குக்குப் போகிறாள். 2021இல் கொரோனா ஊசியும் அப்படித்தான் வந்தது. வரிசையில் நின்றோம், போட்டோம். இன்புளுவன்சா ஊசி அந்தத் தேசிய அட்டவணையில் இல்லை. வேண்டியவர் தனியார் மருத்துவ நிலையத்திற் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். யோசிக்கும் பாரத்தை அரசாங்கம் சுமந்த காலத்தில் அதன் கனம் தெரியவில்லை. இப்பொழுது தோளில் ஏறிய பிறகு தெரிகிறது.

எங்கள் கையில் இரண்டு ஊசிக்குப் பணம் இருந்தது. ஒன்று மனைவிக்கு, அதில் வாதம் இல்லை. மற்றது யாருக்கு?

எனக்கு என்று மகள் சொன்னாள். எனக்கு வயது எழுபது. வேறு நோய் இல்லை. நான் தயங்கினேன். என் தயக்கத்துக்குக் காரணம் ஒரு கணக்கு. கொக்ரேன் என்னும் ஆய்வுக் குழுவினர், உலகெங்கும் நடந்த பரிசோதனைகளைத் திரட்டி 2018இல் ஒரு முடிவு சொன்னார்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் முப்பது பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் இன்புளுவன்சாவிலிருந்து தப்புவார். நலமுள்ள இளையவர்களாயின் எழுபத்தொரு பேருக்கு ஒருவர். முதியோரை வைத்துச் செய்த நல்ல பரிசோதனைகள் சொற்பம் என்றும் அவர்களே ஒப்புக்கொண்டனர். இதை வாசித்தபோது எங்கள் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்து குந்தியிருக்கும் கிழடு கட்டைகளை மனத்துள் எண்ணினேன். ஏறக்குறைய முப்பது பேர் வரும். எல்லோருக்கும் ஊசி, இருபத்தெட்டுப் பேருக்கு ஊசி இல்லாவிட்டாலும் அம்மாரியில் இன்புளுவன்சா வந்திராது, ஒருவருக்கு ஊசி போட்டும் வரும், ஒருவர் தப்புவார். தப்பியவர் யார் என்பது அவருக்கே தெரியாது. நன்றி சொல்ல ஆளில்லாத உபகாரம் இது. கோயில் மண்டபத்தில் இருப்பவர்களுள் என் மனைவியும் ஒருத்தி என்று எண்ணியவுடன் ‘முப்பதில் ஒன்று’ எனக்குச் சிறிய எண்ணாகத் தோன்றவில்லை. எனக்காக எண்ணியபோது மட்டும் சிறிதாகத் தோன்றியது.

அப்படியிருக்க வேறொரு செய்தி கண்ணிற் பட்டது. கனடாவின் மேற்குப் புல்வெளிகளில் ஹட்டரைற் என்னும் ஒரு சமயக் கூட்டத்தார் வாழ்கின்றனர். சிறு சிறு குடியிருப்புகள். பொது நிலம், பொது உழைப்பு. ஒரே மண்டபத்தில் எல்லோரும் கூடி உண்பார்கள். 2008ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுடைய 49 குடியிருப்புகளில் ஆய்வாளர் ஒரு பரிசோதனை செய்தனர். சில குடியிருப்புகளிற் பிள்ளைகளுக்கு இன்புளுவன்சா ஊசி. மற்றவற்றிற் பிள்ளைகளுக்கு மஞ்சட்காமாலைக்குரிய வேறோர் ஊசி. பெரியவர்களை ஆய்வாளர் தொடவில்லை. அம்மாரி முடிந்து பார்த்தபோது, பிள்ளைகள் இன்புளுவன்சா ஊசி பெற்ற ஊர்களில், ஊசியே போடாத மற்றவர்களுக்கு நோய் வந்தது 61 வீதம் குறைந்திருந்தது. யப்பானிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. அங்கே 1962 முதற் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வூசியைப் போட்டார்கள்; பின்பு கட்டாயத்தைத் தளர்த்தி, 1994இற் கைவிட்டார்கள். பழைய மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2001இல் எழுதியவர்கள், பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் மாரிக்கால மரணங்கள், பெரும்பாலும் கிழவர் கிழவியரின் மரணங்கள், குறைந்திருந்தன என்றும், நிறுத்திய பின் ஏறின என்றும் கண்டனர். ஏறக்குறைய 420 பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி ஓர் உயிரைக் காத்ததாம். ஊசி ஏறியது பேரன் கையில். மூச்சு மிஞ்சியது பாட்டிக்கு.

இதை வாசித்து முடித்ததும் 2009ஆம் ஆண்டு என் கண்முன் வந்தது. நாங்கள் அப்பொழுது செட்டிகுளத்து முகாமில் இருந்தோம். எங்களைப் போல இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையே ஒரு கையகலம். இரவிற் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை இருமத் தொடங்கினால், நாலு நாளில் எங்கள் கூடாரத்திற் பிள்ளை இருமும். அடுத்த கிழமை கிழவர்கள். யார் இருமல் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் மனைவியின் தொய்வு முற்றியது அங்கேதான். அந்தப் புழுதியும் புகையும் ஒரு காரணமாயிருக்கலாம். அந்த இருமல்களும் ஒரு காரணமாயிருக்கலாம். நோய் ஒருவனுடைய உடம்போடு நின்றுவிடுவதில்லை என்பதை அறிய அங்கிருந்தோருக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆகவே மற்ற ஊசி பேரனுக்கு என்று நான் தீர்மானித்தேன். எட்டு வயது, நாலு வீடு தள்ளி மகளோடு இருக்கிறான். ஆனால் அவன் சாப்பிடுவதும் படிப்பதும் அம்மம்மாவின் மடியில். பள்ளிக்கூடத்திலும் ரியூசன் கொட்டிலிலும் எவன் தும்மினாலும் அத்தும்மல் இரண்டு நாளில் எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். ஹட்டரைற் ஊரும் எங்கள் முற்றமும் ஒன்றுதான் என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். சுளகை வைத்தாள்.

“போன மாரியிலை காய்ச்சலைக் கொண்டு வந்தது ஆர்? பெடியனோ, நீங்களோ?”

ஆய்வு நூல்கள் அனைத்தையும் ஒரு கேள்வியில் மூடிவிட்டாள். கலியாண வீட்டுக்குப் போனவன் நான். சந்தைக்கும் சங்கக் கடைக்கும் கூட்டுறவுக் கூட்டத்துக்கும் பஸ்ஸில் நெருங்கி நின்று போகிறவனும் நான். ‘எனக்குக் காய்ச்சல் வந்தால் நான் தாங்குவேன்’ என்று நான் இவ்வளவு நாளும் சொல்லிவந்தது உண்மைதான். தாங்கினேன். மூன்று நாள் தாங்கினேன்.

இருந்தும் பேரனை விட மனமில்லாமல், யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் சொன்னது எங்கள் பணக் கணக்கைக் குழப்பியது. ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதன்முறை இவ்வூசி போடும்போது ஒன்று போதாது. நாலு கிழமை இடைவிட்டு இரண்டு வேண்டும். அடுத்த வருடம் அவனுக்கு ஒன்பதாகிவிடும். அப்பொழுது ஒன்றே போதும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வூசி தகாதோ என்று கேட்டேன். தாராளமாகத் தகும், பணம் இருந்தால் இப்பொழுதே போடலாம் என்றார். பணம் இல்லை. மகளிடம் கேட்கலாம்தான், விதைப்புக்கு நகையை அடைவு வைத்திருக்கிறவளிடம் எப்படிக் கேட்பது? முடிவு இவ்வாறாக என் தலையில் வந்து இறங்கியது. மனைவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பேரனுக்கு வருகிற ஐப்பசியில்.

வைத்தியர் இன்னும் இரண்டு விடயம் சொன்னார். ஊசிப் பெட்டியில் எழுதியிருக்கும் ஆண்டைப் பார்க்கச் சொன்னார். வட கோளத்துத் தயாரிப்பாயின் இரண்டு ஆண்டுகளை இணைத்து எழுதியிருக்கும். தென் கோளத்ததாயின் ஓர் ஆண்டு மட்டும். கிடைப்பவற்றுள் புதியது எதுவோ அதைப் போடலாம். பழையதை யாரேனும் மலிவாகத் தந்தால் வாங்க வேண்டாம் என்றார். மற்றது, மாரியிற் காய்ச்சல் வந்தால் ‘ஊசி போட்டாயிற்று’ என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது என்பது. இது எனக்குச் சொல்லத் தேவையில்லாத புத்தி. 2024 மார்கழியில், வெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாண மாவட்டத்திற் சிலர் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகச் சில நாட்களுக்குள் இறந்தார்கள். மர்மக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் நடுங்கியது. சோதித்துப் பார்த்ததில் அது எலிக்காய்ச்சல். வயற்சேற்றிலே, எலியின் சிறுநீர் கலந்த நீரில் நின்றவர்களுக்கு வருவது. அதற்கு வேறு மருந்து. வயலில் இறங்குபவர்களுக்கு முற்காப்பாகக் குளிசையும் கொடுத்தார்கள். டெங்குக்கு வேறு கவனிப்பு. வன்னியின் மாரியிற் காய்ச்சல் என்பது ஒரு கதவைத் தட்டும் பல கைகள். இந்த ஊசி அவற்றுள் ஒரு கையை மட்டும், அதுவும் பாதி அளவுக்கே, தடுக்கும். நல்ல பொருத்தம் வாய்த்த ஆண்டிலே நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரை என்பதுதான் அதன் வல்லமை. விற்பவர் இதைப் பெரிய எழுத்திற் போடமாட்டார். வேண்டாமென்பவரோ இதை மட்டுமே சொல்வார்.

சூரன்போர் முடிந்த மூன்றாம் நாட் காலையில் யாழ்ப்பாண பஸ் ஏறினோம். முன்னொரு காலத்தில் இந்தப் பயணத்துக்குச் சங்குப்பிட்டியில் இறங்கிப் பாதை வரும் வரை கரையிற் காத்திருக்க வேண்டும். 2011 தை மாதத்திற் பாலம் திறந்த பின் கடலைக் கடப்பது கண்மூடித் திறக்கும் வேலை. ஊசி போன்ற மருந்து இரண்டு முதல் எட்டுப் பாகை வரையான குளிரிலேயே இருக்க வேண்டும். பாதையில் வெயிலிற் காய்ந்து வர அதனால் இயலாது. அதனால்தான் அது எங்களிடம் வருவதில்லை, நாங்கள் அதனிடம் போகிறோம் என்று மனைவிக்குச் சொன்னேன். “ஐஸ்கிறீம் வருகுதுதானே?” என்றாள். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

ஊசி போட்ட தாதிப் பெண் இளையவள். “முதலில் ஆருக்கு?” என்று கேட்டாள். மனைவி என்னைக் காட்டினாள். பெட்டியில் எழுதியிருந்த ஆண்டுகளை மூக்குக் கண்ணாடி போட்டு வாசித்தேன், இணைந்த இரண்டு ஆண்டுகள், சரியாயிருந்தது. எறும்பு கடித்தாற்போல ஒரு கணம். அரை மணி நேரம் வாங்கிலில் இருத்தி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவ்வேளை கேரதீவுப் பக்கம் மழை கட்டிக்கொண்டு வருவது யன்னலால் தெரிந்தது என்று மனைவி சொன்னாள். அங்கிருந்து கேரதீவு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு எனக்கு மேல் சற்றுக் காய்ந்தது. மனைவிக்குக் கை நோவு மட்டும். விடிய, வேலிக்கு அப்பாலிருந்து நண்பர் கூப்பிட்டார்.

“என்னண்ணை, காய்ச்சலோ?”

“ஓம், கொஞ்சம் காய்ஞ்சது.”

“நான் சொன்னனான்” என்றார் மிகுந்த திருப்தியோடு. இரவு பெய்த மழையில் அவருடைய வரம்பு உடைத்திருந்தது, மண்வெட்டியோடு நின்றார். நானும் போய் ஒரு கை பிடித்தேன்.